நூலகம் வளர்த்த கணித ஆசிரியர்

நுழையும்முன்

விரும்பிய பணி எல்லார்க்கும் கிடைத்துவிடுவதில்லை. கிடைத்த பணியை வெறுத்துக் காலம் கழிப்போர் உண்டு. அதனை விட்டு விலகுவோரும் உண்டு. அப்பணியின் அடிப்படை நோக்கம் யாது என்று வினவி, அவ்வினாவின் வழியே புதியதோர் அறிவுத்துறையைப் படைத்தவர் மிகச் சிலரே. அத்தகையோருள் ஒருவர் சீர்காழி இராமாமிர்தம் அரங்கநாதன். இந்திய நூலகவியலின் தந்தை என்று போற்றப்படும் அவரின் வாழ்க்கையையும் தொண்டையும் எடுத்துரைக்கிறது இப்பாடம்.

இளமையும் கல்வியும்

அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்த சீர்காழியில், 1892-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அரங்கநாதன் பிறந்தார். பெற்றோர் இராமாமிர்தம், சீதாலட்சுமி ஆவர். தந்தையார் இராமாயணத்தில் தோய்ந்தவர். அதனைப் பிறர்க்கு எடுத்துரைக்கும் வழக்கம் உடையவர். அரங்கநாதனுக்கு ஆறு வயது நிரம்பிய காலத்தில் அவர் மறைந்தார். பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பைத் தாயாரும் உறவினரும் ஏற்றனர்.

சீர்காழியில் பள்ளிக் கல்வியை முடித்த அரங்கநாதன், சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் சேர்ந்து கணிதம் பயின்றார். 1913-இல் இளங்கலைப் பட்டமும் 1916-இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். அங்கே அவருக்கு வாய்த்த பேராசிரியர் எட்வர்டு ராஸ், கணிதத்தை மட்டும் கற்பித்து அமைந்தவர் அல்லர். ஒரு சிக்கலின் வேரைத் தேடும் பழக்கத்தையும் தம் மாணவரிடம் விதைத்தார். அவ்விதை பிற்காலத்தில் எதிர்பாராத நிலத்தில் முளைத்தது.

ஆசிரியர் ஆக வேண்டும் என்பதே அரங்கநாதனின் விருப்பம். ஆனால், அவருக்குத் திக்குவாய்க் குறை இருந்தது. வகுப்பில் நின்று பேசுவதே தொழிலாகும் ஒருவர்க்கு அது சிறிய தடையன்று. இடைவிடாப் பயிற்சியால் அவர் அதனை வென்றார். சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயிற்சி பெற்று, 1917-இல் மங்களூர் அரசுக் கல்லூரியில் கணித ஆசிரியராகப் பணியேற்றார். பின்னர்க் கோயம்புத்தூரிலும், 1921 முதல் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பணியாற்றினார். மாணவர்கள் தாமே நூல்களைத் தேடிப் படித்து வந்து வகுப்பில் கலந்துரையாட வேண்டும் என்பதில் அவர் நாட்டம் கொண்டிருந்தார்.

வேண்டாத பதவி

சென்னைப் பல்கலைக்கழகம் தன் நூலகத்திற்கு முதன்முதலாக ஒரு நூலகரை அமர்த்த விரும்பி அறிவிப்பு வெளியிட்டது. பல நூறு பேர் விண்ணப்பித்தனர். அவர்களுள் நூலகப் பயிற்சி பெற்றவர் ஒருவரும் இலர். அக்காலத்தில் நூலகர் என்பவர் அலமாரிகளைப் பூட்டிச் சாவியைக் காப்பவர் என்றே பலரும் எண்ணினர். அப்பணிக்கெனத் தனிக் கல்வி உண்டு என்னும் எண்ணமே இந்தியாவில் பரவவில்லை.

கல்லூரி ஆசிரியரின் ஊதியம் அந்நாளில் மிகக் குறைவு. நூலகர் பதவிக்கு உரிய ஊதியமோ அதனினும் மிகுதி. நண்பர்கள் வற்புறுத்தவே அரங்கநாதனும் விண்ணப்பித்தார். நேர்காணலுக்கு முன்னர் ஆங்கிலக் கலைக்களஞ்சியம் ஒன்றில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்துக்கொண்டார். அதுவே அத்துறையில் அவர் பெற்றிருந்த அறிவு. எனினும், பதவி அவரைத் தேடி வந்தது.

1924-ஆம் ஆண்டு சனவரி 4-ஆம் நாள் அவர் நூலகர் பொறுப்பை ஏற்றார். ஒரு வாரம் கழிவதற்குள் மனம் சோர்ந்தார். மாணவர்களின் கேள்விகளும் விவாதங்களும் நிறைந்த வகுப்பறை எங்கே, அரிதாக ஒருவர் வந்து போகும் அந்த அமைதி எங்கே என்று வருந்தினார். மாநிலக் கல்லூரி முதல்வரிடம் சென்று, பழைய பணிக்கே திரும்ப வேண்டும் என்று முறையிட்டார். முதல்வர் மறுக்கவில்லை. நூலகப் பயிற்சிக்காக இங்கிலாந்து செல்லும் வாய்ப்பு இருக்கிறது. அங்குச் சென்று பயின்று வந்த பின்னரும் மனம் மாறாவிடில் ஆசிரியர் பணிக்குத் திரும்பலாம் என்று வழி கூறினார். ஓரளவு அரைமனத்துடனேயே அரங்கநாதன் அவ்வாண்டு இறுதிப் பகுதியில் கப்பல் ஏறினார்.

இலண்டனில் பெற்ற தெளிவு

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் நூலகப் பள்ளியில் அவர் பயின்றார். குராய்டன் நகரப் பொது நூலகத்தின் தலைவராகவும் பகுப்பியல் அறிஞராகவும் விளங்கிய பெர்விக் சேயர்ஸ் அவருக்கு வழிகாட்டியாக அமைந்தார். வகுப்பறைக் கல்வியைவிட நூலகங்களை நேரில் காண்பதே பயன் தரும் என்று சேயர்ஸ் உணர்த்தினார். அரங்கநாதன் நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சென்று கண்டார்.

அங்கே அவர் கண்ட காட்சி சென்னையில் கண்டதினும் முற்றிலும் வேறானது. தொழிலாளர்கள் பணி முடிந்து நூலகத்திற்கு வந்தனர். இல்லத்தரசிகள் நூல்களைக் கேட்டுப் பெற்றனர். சிறுவர்க்கெனத் தனிப் பகுதிகள் இருந்தன. வாசகர்கள் அலமாரி அருகே சென்று தாமே நூலை எடுத்துப் பார்த்தனர். நூலகர்கள் அவர்களின் தேவையைக் கேட்டறிந்து உதவினர். ஒரு நாட்டின் மக்களைத் தாமே கற்போராக மாற்றும் ஆற்றல் நூலகத்திற்கு உண்டு என்பதை அவர் உணர்ந்தார். வகுப்பறையை இழந்ததாக அவர் வருந்தியது வீண் வருத்தம் என்று புலப்பட்டது. நூலகம், சுவர்களும் வயது வரம்பும் அற்ற வகுப்பறையாக அவர் கண்முன் விரிந்தது.

அதே பயணத்தில் மற்றொரு வித்தும் விழுந்தது. அந்நாளில் பல நூலகங்கள் அமெரிக்கரான மெல்வில் டூயி 1876-இல் வெளியிட்ட பதின்மப் பகுப்பு முறையைப் பின்பற்றின. அம்முறை அறிவுலகம் முழுவதையும் பத்துப் பெரும்பிரிவுகளாகப் பிரித்து, அவற்றுள் உட்பிரிவுகளை முன்னரே பட்டியலிட்டிருந்தது. புதிய பொருள் ஒன்று தோன்றினால், அப்பட்டியலில் அதற்கு இடம் காண்பது அரிதாயிற்று. இக்குறை அரங்கநாதனின் கணித மனத்தை உறுத்தியது.

ஒருநாள் இலண்டனின் பெருங்கடை ஒன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுக் கருவியைக் கண்டார். துளையிட்ட சில உலோகப் பட்டைகள், சக்கரங்கள், திருகாணிகள் ஆகியவையே அதன் உறுப்புகள். விற்பனையாளர் அவற்றை ஒருவகையாக இணைக்க ஒரு பொம்மை உருவாயிற்று. வேறுவகையாக இணைக்க மற்றொரு பொம்மை உருவாயிற்று. முடிந்த பொம்மைகளைப் பட்டியலிடுவதற்கு மாறாக, உறுப்புகளைக் கொடுத்துவிட்டால் வேண்டிய உருவத்தை ஆக்கிக்கொள்ளலாம் அன்றோ? நூற்பகுப்பிற்கும் இதுவே வழி என்று அவர் துணிந்தார். 1925-இல் தாயகம் திரும்பும் கப்பலிலேயே, அதன் சிறு நூலகத்தில் இருந்த நூல்களைக்கொண்டு தம் புதிய முறையைச் சோதித்துப் பார்த்தார்.

கோலன் பகுப்பு முறை

சென்னைக்குத் திரும்பிய அரங்கநாதன் ஆசிரியர் பணியைக் கேட்கவில்லை. பல்கலைக்கழக நூலகத்தின் நூல்களைப் புதிய முறையில் வகைப்படுத்தும் பணியில் இறங்கினார். எட்டு ஆண்டு உழைப்பின் பயனாக, 1933-இல் கோலன் பகுப்பு முறை நூலாக வெளிவந்தது. பகுப்பெண்ணின் கூறுகளை இணைக்க முக்காற்புள்ளியைப் பயன்படுத்தியமையால் இப்பெயர் அமைந்தது.

அரங்கநாதன் தம் முறையைத் தொடர்ந்து செம்மைப்படுத்தினார். எந்தப் பொருளையும் ஐந்து அடிப்படைக் கூறுகளின் வழியே பகுத்து நோக்கலாம் என்னும் கொள்கை அதன் வளர்ச்சியில் உருவாயிற்று. அவை ஆளுமை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் என்பன. காவிரிப் படுகையில் 1950-ஆம் ஆண்டில் நெற்பயிர் நோயைத் தடுத்தது பற்றிய நூல் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அந்நூல் வேளாண்மை என்னும் துறையைச் சார்ந்தது. நெற்பயிர் அதன் ஆளுமைக் கூறு, நோயும் அதன் தடுப்பும் ஆற்றல் கூறு, காவிரிப் படுகை இடம், 1950 காலம். ஒவ்வொரு கூற்றுக்கும் உரிய குறியீட்டை எடுத்து முறைப்படி இணைத்தால் அந்நூலுக்கு உரிய எண் கிடைத்துவிடும். நாளை கரும்பைப் பற்றி ஒரு நூல் வந்தால் ஓர் உறுப்பை மாற்றினாலே போதும். பகுப்பு முறை நூலுக்கேற்ப வளருமேயன்றி, நூலைத் தனக்கேற்ப ஒடுக்காது.

ஐந்து விதிகள்

நூலகப் பணிகள் பலவாகப் பெருகப் பெருக, அவற்றையெல்லாம் தாங்கி நிற்கும் அடிப்படை உண்மைகள் யாவை என்று அரங்கநாதன் சிந்திக்கலானார். இயற்பியலுக்கும் கணிதத்திற்கும் சில விதிகள் அடித்தளமாக இருப்பது போல நூலகத்திற்கும் இருத்தல் வேண்டும் என்று நம்பினார். இக்குழப்பத்தைத் தம் ஆசிரியர் ராசிடம் முறையிட்டபோது, நூல்கள் பயன்பாட்டிற்காகவே உள்ளன என்பதுதான் முதல் விதி என்று அவர் எளிமையாகச் சுட்டினார். மாணவரிடம் எஞ்சிய நான்கு விதிகளும் தொடர்ந்து பிறந்தன.

அவ்விதிகள் உருப்பெற்ற 1928-ஆம் ஆண்டு அரங்கநாதனுக்குத் துயரமும் தந்த ஆண்டாகும். அவ்வாண்டில்தான் அவர் தம் மனைவி உருக்குமணியை இழந்தார். துயரிடையேயும் அவரின் பணி நிற்கவில்லை. அவ்வாண்டின் இறுதியில் சிதம்பரத்தில் நடைபெற்ற கல்வி மாநாட்டில் அவ்விதிகளை அறிவித்தார். 1931-இல் அவை நூலாக வெளிவந்தன.

நூல்கள் பயன்பாட்டிற்கே உரியவை என்பது முதல் விதி. பூட்டிய அலமாரியில் பொலிவுடன் இருக்கும் நூலைவிட, பலர் கைபட்டுத் தேய்ந்த நூலே சிறந்தது என்பது இதன் உட்பொருள். ஒவ்வொரு வாசகர்க்கும் அவர்க்குரிய நூல் கிடைத்தல் வேண்டும் என்பது இரண்டாம் விதி. செல்வர், வறியர், ஆண், பெண், நகரத்தார், சிற்றூரார் என்னும் வேறுபாடு நூலகத்தில் கூடாது என்று இது வலியுறுத்துகிறது. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைத்தல் வேண்டும் என்பது மூன்றாம் விதி. வாசகர்கள் அலமாரியைத் தாமே நாடிப் பார்க்கும் திறந்த முறை இவ்விதியிலிருந்தே வலிமை பெற்றது. வாசகரின் காலத்தைச் சேமிக்க வேண்டும் என்பது நான்காம் விதி. பகுப்பும் பட்டியலும் இதற்காகவே அமைகின்றன. நூலகம் வளரும் ஓர் உயிரி என்பது ஐந்தாம் விதி. நூல்களும் வாசகரும் பணியாளரும் பெருகுவர், கருவிகளும் மாறும், அம்மாற்றத்திற்கு நூலகம் தன்னை ஆயத்தப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது இதன் கருத்து.

சட்டமும் பயிற்சியும்

தனியொருவர் உழைப்பால் ஒரு நூலகத்தைத்தான் சீர்செய்ய முடியும். நாடு முழுவதும் நூலகம் பரவ அமைப்பும் சட்டமும் பயிற்சி பெற்ற பணியாளரும் வேண்டும். இதனை உணர்ந்த அரங்கநாதன், 1928-இல் சென்னை நூலகச் சங்கம் தோன்ற முன்னின்று உழைத்தார். மறு ஆண்டே நூலகர்க்கான பயிற்சி வகுப்பு தொடங்கப்பட்டது. 1931-இல் பல்கலைக்கழகம் அதனைத் தன் பொறுப்பில் ஏற்றது. இதனால், சாவி காப்பவராகக் கருதப்பட்ட நூலகர் தனிக் கல்வியும் தகுதியும் உடைய தொழில்வல்லுநராக மதிக்கப்படும் நிலை மெல்ல உருவாயிற்று.

நூலக இயக்கம் தழைத்த அக்காலத்தில், 1931-இல் மன்னார்குடியில் மாட்டுவண்டி நூலகம் ஒன்று இயங்கத் தொடங்கியது. பொறியாளர் கனகசபை என்பாரின் முயற்சியால் உருவான அவ்வண்டி, சுற்றியுள்ள சிற்றூர்களுக்கு நூல்களைச் சுமந்து சென்றது. நூலகத்தை நாடி வர இயலாதவரை நூலகமே நாடிச் செல்ல வேண்டும் என்னும் இரண்டாம் விதிக்கு அவ்வண்டி உயிருள்ள சான்றாயிற்று.

பொது நூலகங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று கருதிய அரங்கநாதன், 1930-இலேயே மாதிரி நூலகச் சட்ட வரைவு ஒன்றை உருவாக்கினார். அது சட்டமாக மலர நெடுங்காலம் ஆயிற்று. அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் மாநிலப் பொது நூலகச் சட்டம் இதுவே. சொத்து வரியுடன் நூலக வரியும் பெறப்பட்டு, அத்தொகை மாவட்ட நூலகங்களின் வளர்ச்சிக்குப் பயன்படும் வகையில் சட்டம் அமைந்தது. இன்று தமிழகத்துச் சிற்றூர்களில் உள்ள கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் அச்சட்டம் இட்ட அடித்தளத்தின் மேல் எழுந்தவையே.

ஓயாத உழைப்பு

சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் இருபத்தோராண்டுகள் பணியாற்றிய அரங்கநாதன், 1945-இல் அப்பொறுப்பிலிருந்து விலகினார். ஓய்வை நாடிய அவரைக் காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் சர்வபள்ளி இராதாகிருட்டிணன் அழைத்தார். அங்கே ஏறத்தாழ 1 இலட்சம் நூல்களை அவர் தாமே வகைப்படுத்தினார். 1947-இல் தில்லிப் பல்கலைக்கழகத்திற்குச் சென்று, நூலகவியலில் உயர்கல்வியும் ஆய்வும் வேரூன்றச் செய்தார். பின்னர்ச் சூரிச் நகரில் சில ஆண்டுகள் தங்கி எழுத்துப் பணியில் ஈடுபட்டார். 1962-இல் பெங்களூருவில் ஆவணமாக்க ஆய்வு, பயிற்சி மையத்தை நிறுவினார்.

நடுவண் அரசு 1957-இல் பத்மசிறீ விருதளித்தது. 1965-இல் தேசிய ஆய்வுப் பேராசிரியராக அமர்த்தியது. பதவியும் பட்டமும் அவரின் எளிய வாழ்வை மாற்றவில்லை. கதர் உடையும் சிக்கனமும் அவரை விட்டு நீங்கவில்லை. 1956-இல் தம் சேமிப்பிலிருந்து 1 இலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு வழங்கி, தம் துணைவியார் சாரதா பெயரால் நூலகவியல் பேராசிரியர் இருக்கை அமைய வழிசெய்தார். கூடுதல் ஊதியத்தை நாடி நூலகப் பணிக்கு வந்தவர், ஈட்டிய பொருளை அத்துறைக்கே திருப்பியளித்தார்.

கணிதத்தின் மீதான அன்பும் குன்றவில்லை. கணித மேதை இராமானுசனின் வாழ்வைப் பற்றி 1967-இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். 1972-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் பெங்களூருவில் அவர் மறைந்தார். அவர் பிறந்தநாளை ஒட்டி ஆகஸ்டு 12-ஆம் நாள் தேசிய நூலகர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

மின்னணுக் காலத்தில் அரங்கநாதன்

அரங்கநாதன் மறைந்த காலத்தில் இணையம் பொதுமக்களை எட்டவில்லை. இன்றோ ஓலைச்சுவடியும் அச்சுநூலும் மின்வடிவம் பெற்றுக் கைபேசித் திரையில் விரிகின்றன. இணைய அங்காடியில் ஆடை வாங்குபவர் அளவு, நிறம், விலை, துணிவகை என ஒவ்வொன்றாகத் தேர்ந்து, தமக்கு வேண்டியதை அடைகிறார். ஒரு பொருளை அதன் கூறுகளால் பகுத்துத் தேடும் இவ்வழி, அரங்கநாதன் நூல்களுக்கு வகுத்த கூற்றுப் பகுப்பின் கொள்கையோடு ஒன்றுவதாகும். தகவல் தொகுப்புகளை வடிவமைக்கும் வல்லுநர்கள் அவரின் நூல்களை இன்றும் பயில்கின்றனர்.

தேடுபொறி இருக்கும்போது நூலகர் எதற்கு என்னும் வினா இன்று எழுகிறது. அவ்வினாவிற்கான விடை ஐந்து விதிகளுக்குள்ளேயே உள்ளது. ஒரு சொல்லை உள்ளிட்டால் பல்லாயிரம் விடைகளைப் பொறி காட்டுகிறது. அவற்றுள் நம்பத்தக்கது எது, காலாவதியானது எது, தேடுபவரின் தேவைக்கு ஏற்றது எது என்று பிரித்துக் காட்டுவதற்குப் பயிற்சி பெற்ற அறிவு வேண்டும். வாசகரின் காலத்தைச் சேமிக்க வேண்டும் என்னும் நான்காம் விதிக்கு, தகவல் பெருகிய இக்காலத்தில்தான் முழுப் பொருளும் விளங்குகிறது. இணைய வசதி இல்லாத மாணவர்க்கும், பார்வைக் குறைபாடு உடைய வாசகர்க்கும் அறிவு எட்ட வேண்டும் என்பதை இரண்டாம் விதி நினைவூட்டுகிறது.

இதனால் நூலகரின் பணி சுருங்கவில்லை. அதன் எல்லை விரிந்துள்ளது. பழைய நூல்களை மின்வடிவாக்கல், மின்னூல்களுக்கு விளக்கக் குறிப்புகள் அமைத்தல், ஆய்வேடுகளைத் தொகுத்துக் காத்தல், பதிப்புரிமை பற்றி வழிகாட்டல், இணையத் தகவலை மதிப்பிடப் பயிற்றுவித்தல் ஆகியவை இன்று அப்பணியின் பகுதிகளாகியுள்ளன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஒரு பழைய நூல் நொடிப்பொழுதில் கிடைப்பதற்குப் பின்னால், அதனை நகலெடுத்து, விவரித்து, வகைப்படுத்திய பலரின் உழைப்பு இருக்கிறது. நூலகம் வளரும் உயிரி என்றால், நூலகரும் வாழ்நாள் முழுவதும் கற்பவராக இருத்தல் வேண்டும். இவ்வுண்மைக்கு அரங்கநாதனின் வாழ்வே எடுத்துக்காட்டு. முப்பத்திரண்டாம் வயதில் முற்றிலும் புதியதொரு துறையை அவர் தொடக்கநிலையிலிருந்து கற்றார். தம் பகுப்பு முறையையும் பதிப்புதோறும் திருத்திக்கொண்டே இருந்தார்.

ஒரு வாரத்தில் விட்டு விலக நினைத்த பணியில் அவர் ஏறத்தாழ அரை நூற்றாண்டு நிலைத்தார். கணிதம் அவரைக் கைவிடவில்லை, நூலகத்திலும் உடன்வந்தது. ஆசிரியப் பணியும் அவரை நீங்கவில்லை. ஒரு வகுப்பறையில் சிலர்க்குக் கற்பித்திருக்க வேண்டியவர், நூலகங்களின் வாயிலாக எண்ணற்றோர் தாமே கற்க வழி செய்தார். ஊர் நூலகத்தில் தாம் தேடிய நூலை ஒரு மாணவர் அலமாரியிலிருந்து தாமே எடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கணித ஆசிரியரின் பாடம் தொடர்கிறது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பள்ளி நூலகத்தில் நூல்கள் எவ்வாறு வகைப்படுத்தப்பட்டுள்ளன என்பதைக் கண்டறிந்து குறிப்பு எழுதுக.
2. நீங்கள் அண்மையில் படித்த நூல் ஒன்றின் பொருளை அரங்கநாதன் வகுத்த ஐந்து கூறுகளின் வழியே பகுத்துக் காட்டுக.
3. மின்னூலகங்கள் பெருகிவரும் இக்காலத்தில் ஊர் நூலகத்தின் தேவை குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.